கறிவேப்பிலையும் காலுப்பிலேயும்

2013 ஆகஸ்டில் காரைக்காலிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்தோம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. கணவரின் தாத்தா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொண்டவர். அந்தக் காகிதம்தான் எங்களை இந்தத் தீவு வரைக்கும் கொண்டுவந்தது. இங்கே ஆகஸ்ட் நடுவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சேன் ஆந்த்ரே என்கிற ஊரில் வீடு பிடித்த கையோடு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மூன்றாம் வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மணி அடித்தால் மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடுகிறான் என்றார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று ஊரில் எல்லோரும் சொன்னதை நாங்களும் நம்பியிருந்தோம். ஆட்டிசம் என்று உறுதியாக எழுதிக் கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு வருடத்தில் பார்த்தவர்களில் ஒரு உளவியலாளர், "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள். இரண்டு மொழி இந்தக் குழந்தையைக் குழப்பும்" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே நிறுத்தினோம்.

என் பிரெஞ்சு அப்போது கடைக்குப் போய்வரும் அளவுதான். வா, உட்கார், சாப்பிடு, தொடாதே. இரண்டு வருடம் என் பிள்ளையிடம் நான் பேசியதெல்லாம் ஏறக்குறைய இந்த நான்கு வார்த்தைதான். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்லும் கதை நின்றுபோனது. கொஞ்சும் பெயர்கள் நின்றன. குளிப்பாட்டும்போது எண்ணிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவேன், அதையும் விட்டுவிட்டேன். அவன் முன்பு சொல்லிக்கொண்டிருந்த "தண்ணி", "அங்க" இரண்டும்கூடப் போய்விட்டன. இந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான். புதிதாக வருகிற யாரும் இந்தத் தவறைச் செய்யக்கூடாது. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பேச்சில் பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்றைக்கு எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

இங்கே எல்லா வசதிக்கும் வாசல் ஒன்றுதான்: எம்.டி.பி.எச். என்கிற மாற்றுத்திறனாளிகள் அலுவலகம். 2005 பிப்ரவரி 11 சட்டத்தால் வந்தது. மருத்துவச் சான்றிதழோடு அங்கே விண்ணப்பம் போட்டால், நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் ஆள், சிறப்பு வகுப்பு, பெற்றோருக்கான மாதப்பணம் எல்லாம் அந்த ஒரே விண்ணப்பத்தில்தான். பேச்சுப் பயிற்சிக்கு டாக்டர் சீட்டு இருந்தால் காப்பீடு பணம் தந்துவிடும். வெளியே தனியாகப் போகும் உடலியக்கப் பயிற்சிக்குப் பொதுவாகத் தராது, அதற்கு அந்த மாதப்பணத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் நாங்கள் கைக்காசு நிறையச் செலவழித்தோம்.

அந்தப் படிவத்தில் ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளையின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று கேட்டு, எழுதச் சொல்வார்கள். அதைத் தமிழில்தான் எழுதினேன், மூன்று பக்கம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் கூட உட்கார்ந்து, நான் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுத்தாள். அந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். முடிவு செய்கிறவர்களுக்கு உங்கள் பிள்ளை முகம் தெரியாது, அந்த எழுத்துதான் தெரியும்.

மழலைப் பள்ளிக்குள்ளேயே மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் ஏழு பேருக்கான ஆட்டிச வகுப்புகள் 2014-இல்தான் பிரான்ஸில் தொடங்கின. எங்களுக்கு வயது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளையோடு வருபவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

2016-இல் புதிய பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் கிடைத்தார். முதல் நாளே, "காய்ச்சல் வந்தால் நீங்கள் எந்த மொழியில் அவனைத் தேற்றுவீர்கள்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். தமிழிலேயே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, படங்களை வைத்துப் பழக்கும் பெக்ஸ் முறையைக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவின் டெலவேரில் 1985-இல் உருவானது அது.

முதல் கட்டத்துக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து கையில் முறுக்கை வைத்துக்கொள்வேன். அவன் அப்பா பின்னால் உட்காருவார். நடுவில் முறுக்குப் படம் ஒட்டிய அட்டை. "என்ன வேணும்?" என்று வாயைத் திறந்து கேட்கக் கூடாது. அவன் முறுக்குக்குக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து என் உள்ளங்கையில் போட வைப்பார். அட்டை விழுந்த அந்த நொடியே "முறுக்கு!" என்று சொல்லி நான் கொடுத்துவிட வேண்டும். பதினோராம் நாள் அவன் அப்பா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவனே எடுத்தான், என் கையில் வைத்தான், என் முகத்தைப் பார்த்தான். படம் ஒரு பக்கம், பின்னால் என் கையெழுத்தில் தமிழ். இன்றைக்கு அப்படி இருநூறுக்கு மேல் அட்டைகள் இருக்கின்றன.

பத்து வயதில் ஐ.எம்.இ. என்கிற சிறப்புக் கல்வி மையத்தில் இடம் கிடைத்தது. கையில் எம்.டி.பி.எச். அனுமதிக் கடிதம் வந்து இரண்டு வருடம் காத்திருந்தோம். கடிதம் வந்துவிட்டால் இடம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மையத்துக்கும் நாமே போன் செய்து காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுத வேண்டும், மாதாமாதம் நினைவுபடுத்த வேண்டும்.

பதினாலு வயதுக்கு மேல் அங்கேயே தொழில் பழக்குவார்கள். தோட்டம், துணி வெளுப்பது, சமையல். இருபது வயதோடு ஐ.எம்.இ. முடிகிறது. பெரியவர்களுக்கான இடம் அதற்குள் கிடைக்காவிட்டால் நடுத்தெருவில் விட்டுவிட மாட்டார்கள். 1989-இல் வந்த கிரெத்தோன் திருத்தம் என்கிற சட்ட விதி இருக்கிறது. வேறு இடம் கிடைக்கும்வரை அங்கேயே வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் அப்படிப் பெரியவர்கள் தங்கத் தங்க, வெளியே காத்திருக்கும் சின்னப் பிள்ளைக்கு இடம் வராது. எங்கள் இரண்டு வருடக் காத்திருப்பில் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எசாட் என்கிற உதவியுடன் வேலை செய்யும் இடம், அது முடியாதவர்களுக்குப் பகல் மையமோ தங்கும் இல்லமோ. இருபது வயதிலிருந்து பெரியவர்களுக்கான உதவித்தொகை, முழுதாகக் கிடைத்தால் மாதம் ஏறக்குறைய 1,000 யூரோ. பதினெட்டு முடிந்தாலே சட்டப்படி அவன் தனி ஆள். அவனுக்காக நான் கையெழுத்துப் போட நீதிபதியிடம் குடும்ப அதிகாரம் வாங்க வேண்டும். மகனுக்கு இப்போது பதினேழு. இந்தத் தாள்களைத்தான் தினம் ராத்திரி பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர் வழி வந்தவர். அவர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. தமிழ் கோயிலில் கேட்கும் பாட்டோடு சரி. ஆனால் அவர் சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரையை 'ப்ரேத் மூரூம்' என்பார். பீர்க்கங்காய் 'பிப்பங்காய்', கறிவேப்பிலை 'காலுப்பிலே'. முதல் முறை கேட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன வருடம் ஐ.எம்.இ. சமையல் வகுப்பில் கோழிக் கறி வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளரும் தீவுக்காரர். தினமும் வீட்டுக்கும் மையத்துக்கும் போய்வரும் நோட்டில் அன்று அவர் எழுதியிருந்தது: "எண்ணெய் காய்ந்ததும் ஒரு கொத்தை எடுத்துக் காட்டி 'காலுப்பிலே' என்றேன். உங்கள் மகன் அட்டைப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மூன்று முறை ஏதோ சொன்னான், பிறகு இலையை உருவி எண்ணெயில் போட்டான். 'கருவேப்பில' என்று என் காதில் விழுந்தது. இது ஒரு வார்த்தையா?"

கொல்லையிலிருந்து ஒரு கொத்து ஒடித்துவந்து போட்டோ எடுத்தேன். அட்டையின் பின்னால் தமிழில் எழுதி, அதன் கீழே அவர் வாசிக்கப் பிரெஞ்சு எழுத்திலும் எழுதி, நோட்டுக்குள் வைத்து அனுப்பினேன். மறுநாள் அட்டை திரும்பி வரவில்லை. அதை அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாராம். முருங்கைக்கும் பீர்க்கங்காய்க்கும் தலா ஒரு அட்டை கேட்டிருந்தார்.