பதினான்கு வயதில் நின்றுபோகும் ஓட்டம்

வன்னியில் உடற்கல்வி படிப்பிக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: தரம் 6, 7 பிள்ளைகளை மைதானத்திலிருந்து வகுப்புக்குக் கூட்டிப்போவது கஷ்டம், தரம் 10, 11 பிள்ளைகளை வகுப்பிலிருந்து மைதானத்துக்குக் கூட்டிவருவது அதைவிடக் கஷ்டம். இடையில் இருக்கிற அந்த மூன்று நான்கு வருடங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பரந்தன் – முல்லைத்தீவு வீதிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருந்து நான் நீண்டகாலமாகப் பார்த்து வருகிறேன். ஆசிரியர் அறையில் இதற்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று போன். மற்றது சோம்பல். போனை ஓரளவு ஒத்துக்கொள்வேன். சோம்பல் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 146 நாடுகளில் 16 இலட்சம் மாணவர்களிடம் பெற்ற தரவுகளை வைத்து அதன் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட கணக்கில், 11 முதல் 17 வயது வரையானவர்களில் 81 வீதமானோர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 வீதம், பெண்பிள்ளைகளில் 85 வீதம். படிப்புக்குப் பெயர்போன தென்கொரியாவில் பெண்பிள்ளைகளில் 97 வீதம். உலகம் முழுக்க இப்படி இருக்கும்போது எங்கள் பிள்ளைகளின் குணத்தில் குறை தேடுவதில் அர்த்தமில்லை. அவர்களைச் சுற்றி இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 60 நிமிடத்தில் விளையாட்டு மட்டும் சேர்வதில்லை. சைக்கிள் ஓடுவது, தண்ணீர் அள்ளுவது, மாடு சாய்த்துவருவது எல்லாம் சேரும். அப்படிப் பார்த்தால் என் வகுப்பில் இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்பக்கத்துப் பையன் ஒருவன் காலபோக அறுவடை நாட்களில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து முதற்பாடத்திலேயே தூங்கிவிடுவான். பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சியும் அதே நாட்களில்தான் வரும். அவனைப் போய் "ஓடடா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த வாங்கில் இருப்பவனை அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். பாடசாலை முடிந்ததும் அப்படியே ரியூசனில் கொண்டுபோய் இறக்குகிறார். ஒருவனுக்கு உடம்பு முறிய வேலை, மற்றவனுக்கு உடம்புக்கு வேலையே இல்லை. இரண்டு பேருக்கும் விளையாட்டு இல்லை.

2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது சைக்கிள்கள் திரும்பி வந்தன. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பெற்றோல் வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துபோனது. பாடசாலைக்கு வரும் வழியே ஒரு பயிற்சி என்பதை அந்த மாதங்களில்தான் நான் கண்ணால் கண்டேன்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. என்னிடம் 800 மீற்றர் ஓடிய பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஓடும்போது தோளைத் தூக்கமாட்டாள், கைகள் இடுப்போடு ஒட்டிப் போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. தரம் 9 இல் அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு நடந்தது. அதற்குப் பிறகு பின்னேரப் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டில் மறித்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "என்னோட வாறவள் நிண்டுட்டாள் ரீச்சர். தனிய ஓட வெக்கமா இருக்கு" என்றாள். முதலில் வந்த காரணம் தோழி. அப்புறம்தான் உடுப்பு, வேலிக்கரையில் நின்று கத்தும் பெடியள், தண்ணீர் வராத மலசலகூடம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மாதவிடாய் நாளில் மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டு, கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தைக் காட்டினால் எந்தப் பிள்ளை வரும்?

வீட்டுக்கும் போனேன். தாய் வாசலில் கதிரை போட்டு இருத்தினார்.

"இருட்டுப்பட்டா ஆர் ரீச்சர் கூட்டிக்கொண்டு வாறது? நான் வேலையால வர ஆறரை ஆகும்."

"பின்னேரம் வேண்டாம் அக்கா. காலமை எண்டா அனுப்புவீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "காலமை எண்டா பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போனா விடலாம்."

இந்தத் தாய்மாரைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்று பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள அம்மாமார் பலர் 2009 வரையான போர்க்கால இடம்பெயர்வுகளுக்குள் வளர்ந்தவர்கள். பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பதே பிள்ளையைக் காப்பாற்றுவது என்றிருந்த காலம் அது. மீளக் குடியேறிய பிறகும் மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் காட்டி, பாதையை விட்டு இறங்காதே என்று சொல்லித்தான் பிள்ளை வளர்த்தார்கள். இப்போது மைதானப் பக்கம் கஞ்சாவும் ஐஸ் போதைப்பொருளும் கைமாறுகிறது என்று கேள்விப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு விடை சொல்லாமல் "விளையாட்டு நல்லது" என்று கூட்டத்தில் பேசி ஒன்றும் ஆகாது. நான் அவர்களிடம் எலும்பைப் பற்றிப் பேசுவேன். ஒரு மனிதர் தன் வாழ்நாளுக்கான எலும்பு அடர்த்தியில் பெரும்பங்கை இருபது வயதுக்குள் சேர்த்துவிடுகிறார். குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பைப் பலப்படுத்துகிறது என்பேன். முழங்கால் நோவோடு நிற்கும் அம்மாவுக்கு அது உடனே விளங்கும்.

காலைப் பயிற்சி தொடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள். தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க விடியமுன்னம் வெளிக்கிட்டுவிடுவார். மூத்த பிள்ளைதான் தம்பி தங்கையை வெளிக்கிடுத்தி, வீடு கூட்டி, தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு ஓடி வருகிறாள். வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளையை ஓட வைப்பது பயிற்சி அல்ல. அதனால் முதல் வேலை அவித்த கடலை என்றாகிவிட்டது. பெற்றோரில் ஒருவர் முறைவைத்துக் கொண்டுவருகிறார். கடலைக்காக மட்டும் வந்த சிலர் இப்போது ஓடவும் செய்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஆண்பிள்ளைகளிடம் போன் பெரிய விடயம்தான். 2020, 2021 இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, வசதியில்லாத வீடுகளிலும் கடன்பட்டு ஸ்மார்ட் போன் வாங்கினார்கள், பாடம் வட்ஸ்அப்பில் வந்ததால். பாடம் போய்விட்டது, போன் நின்றுவிட்டது. பின்னேரம் எங்கள் வாய்க்கால் மதகில் ஐந்தாறு பெடியள் வரிசையாக இருப்பார்கள், எல்லோர் தலையும் குனிந்திருக்கும், எல்லோரும் ஒரே ஃப்ரீ ஃபயர் ஆட்டத்துக்குள் இருப்பார்கள். பக்கத்தில் போய் நின்றால் தெரியும், அவர்கள் தனித்தனியாக இல்லை. கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், ஒருவனை ஒருவன் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூட்டுத்தான். அது மைதானத்தில் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? பின்னேர மைதானம் விளையாட்டுக் கழகத்து அண்ணன்மார் கையில். அவர்கள் உதைபந்து அடிக்கும்போது பதினான்கு வயதுப் பையன் பந்து பொறுக்குகிறான், இல்லாவிட்டால் ஓரத்தில் குந்தியிருக்கிறான். நல்ல வீரனைத் தேடுவது கழகத்தின் வேலை. அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வலயப் போட்டிக்குத் தெரிவாகிற நாலு பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை மறந்துபோகிற பழக்கம் பாடசாலைகளிலும் இருக்கிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 9 வரை எல்லோருக்கும் உள்ள பாடம். தரம் 10 இல் அது தெரிவுப் பாடமாகிவிடுகிறது. எடுக்காத பிள்ளைக்கு மைதானத்தில் கால்வைக்கக் காரணமே இல்லை. எடுத்த பிள்ளைக்கும் சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால், "ரீச்சர், இந்தப் பாடவேளையை மட்டும் எனக்குத் தாங்கோ, சிலபஸ் முடியேல்ல" என்று கணிதமும் விஞ்ஞானமும் வந்து நிற்கும்.

இதனால்தான் நான் கிளித்தட்டு விளையாட்டை விடுவதில்லை. ஒரு பக்கம் கோடுகளைக் கடந்து ஓடும், மற்றப் பக்கம் மறிக்கும். செலவே இல்லை. போத்தல் தண்ணீரால் புழுதியில் கோடு கீறினால் தட்டு தயார். மறிக்கிற பக்கத்தில் கோட்டுக்கு ஒருவர் நிற்க வேண்டும், நடுக்கோட்டில் கிளி என்கிற ஆள் ஓட வேண்டும். வேகமாக ஓடமுடியாத பிள்ளைக்கும் ஒரு கோடு சொந்தம். அதை அவள் விட்டால் தட்டே போய்விடும். குண்டு என்று பட்டம் வாங்கி ஒதுங்கியிருந்த பிள்ளை ஒருத்தி கடைசிக் கோட்டில் நின்று கையை விரித்து மறித்த விதத்தைப் பார்த்து, வேலிக்கரைப் பெடியள் கத்துவதை விட்டுவிட்டு "எங்களையும் சேருங்கோ ரீச்சர்" என்று வந்தார்கள். சேர்த்தேன். ஆனால் முதலில் பெண்பிள்ளைகளின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான்.

800 மீற்றர் ஓடிய பிள்ளை காலைப் பயிற்சிக்கு வருகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு. போட்டிக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை, நானும் நெருக்கவில்லை. அவளோடு நின்றுபோன தோழி திரும்பி வரவில்லை. பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தவணை கழகத்தோடு பேசி, கிழமையில் இரண்டு பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்தேகால் வரை மைதானத்தைப் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விடக் கேட்டிருக்கிறோம். இருட்டமுன்னம் எல்லோரும் வீட்டில் நிற்கலாம். கழகத் தலைவர் ஒரு பின்னேரத்துக்கு ஒத்துக்கொண்டார். மற்றதைப் பற்றிப் பேச வருகிற ஞாயிறு அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.