வீட்டு ஒப்பந்தம் முடிய 114 நாள்

8 ஜூன் 2025, ஞாயிறு

வீட்டுக்காரரின் குறுஞ்செய்தி. அக்டோபர் முதல் வாடகை 2,900 சிங்கப்பூர் வெள்ளி. சம்மதம் என்றால் மாத முடிவுக்குள் சொல்லவும்.

2021-இல் 1,900. 2023-இல் 2,600. இப்போது 2,900. இதே நான்கு ஆண்டில் சம்பளம் 4,350-லிருந்து 4,800. மசேநி (மத்திய சேம நிதி) பிடித்தம் போகக் கைக்குக் கூடியது 360. வாடகைக்குக் கூடுவது 1,000.

9 ஜூன்

தூக்கம் வரவில்லை.

3,840 - 2,900 = 940. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 170. தண்ணீர் மட்டும் சென்ற ஆண்டு ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசு, இந்த ஏப்ரலில் 30 காசு ஏறி 2.74 வெள்ளியிலிருந்து 3.24-க்கு வந்துவிட்டது. பொருள் சேவை வரி 7, 8, 9 என்று இரண்டே ஆண்டில் இரண்டு படி ஏறிவிட்டது. மூன்று பேருக்குப் பேருந்து, ரயில், இரண்டு தொலைபேசி, இணையம், பள்ளிக் கட்டணம். மிச்சத்தில் தேக்கா சந்தை. மீன் வாங்குவதற்கு முன்பே மாதம் முடிந்துவிடுகிறது.

14 ஜூன், சனி

மாதம் 960 என்னிடமிருந்து, 816 முதலாளியிடமிருந்து. ஆக 1,776 வெள்ளி மசேநியில் போய் உட்காருகிறது. சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடு வட்டி, மற்றதில் 4. என் பெயரில்தான் இருக்கிறது. அதிலிருந்து வாடகை கட்ட முடியாது. வீடு வாங்கினால் தொடலாம், குடியிருந்தால் தொட முடியாது.

‘அப்படியானால் வாங்கிவிடு’ என்பவர்களுக்காக ஒரு முறை எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற நிரந்தரவாசித் தம்பதிக்கு அரசு அடுக்குமாடியில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுதான் வழி, அதுவும் மூன்று ஆண்டு காத்திருந்த பிறகு. அதைக் கடந்தாயிற்று. மூவறை வீடு 450,000 என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரவாசிக்கு வீவகக் கடன் கிடையாது, வங்கிக் கடன் மட்டும், அதிகபட்சம் 75 விழுக்காடு: 337,500. தவணை மொத்தச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது: 1,440. வங்கி கணக்குப் போடுவது இன்றைய வட்டியில் அல்ல, குறைந்தது 4 விழுக்காட்டில். 25 ஆண்டுக்குத் தவணை ஏறத்தாழ 1,780 வருகிறது. கடன் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டாலும் 5 விழுக்காடு ரொக்கம் 22,500. முதல் வீட்டுக்கே நிரந்தரவாசிக்குக் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, இன்னொரு 22,500. சாதாரண முத்திரை வரி 8,100. மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்பது முழுக்க ரொக்கம்.

வாங்க முடியாத வீட்டில் 2,900-க்கு வாடகை இருக்கப்போகிறோம். சரி.

15 ஜூன்

எல்லை தாண்டி ஜோகூர் பாருவில் குடியேறினால்? மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 170-ஆம் எண் பேருந்தும் அதிகாலை நாலரை மணியும் போதும். இந்தியக் கடப்பிதழுக்கு அங்கே சுற்றிப் பார்க்கத்தான் விசா விலக்கு, குடியிருக்க அல்ல. உட்லண்ட்ஸ்–ஜோகூர் புதிய ரயில் அடுத்த ஆண்டுக் கடைசியில் வந்தாலும் இது மாறாது. இன்னொன்று: மசேநியை மூடக் கேட்பவர் சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகப் போகிறவராக இருக்க வேண்டும்.

ஜோகூரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

22 ஜூன்

போகிறோம். திருச்சி.

வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி. அதை என்ன செய்வது?

29 ஜூன், ஞாயிறு

இரண்டு வழி.

ஒன்று: நிரந்தரவாசத்தை வைத்துக்கொண்டே கிளம்புவது. மறுநுழைவு அனுமதி 2027 மார்ச் வரை இருக்கிறது. அதுவரை திரும்பி வரலாம், வேலை தேடலாம். இப்போதைய (2025 ஜூன்) விதிப்படி, வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் நிரந்தரவாசம் போய்விடும். மசேநி அதுவரை அசையாது.

இரண்டு: நிரந்தரவாச அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மசேநியை மூடுவது. முழுப் பணமும் கைக்கு வரும். மறுபடி வரவேண்டுமென்றால் முதல் படியிலிருந்து விண்ணப்பம்.

வாசலைத் திறந்து வைக்க வேண்டுமானால் பணம் உள்ளே கிடக்க வேண்டும். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

12 ஜூலை, சனி

சரக்கு. மூன்று பேரிடம் விலை கேட்டதில் மூன்றும் வேறு வேறு பொருளுக்கான விலை. ஒருவர் சொன்னது சென்னைத் துறைமுகம் வரை. அங்கே இறக்குகூலி, கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், சுங்க முகவர், லாரி எல்லாம் நம் தலையில். ‘வாசலிலிருந்து வாசலுக்கு, சென்னைக் கட்டணம் எல்லாம் உட்பட’ என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் தரக் கூடாது.

கணக்கு எடையில் அல்ல, கன மீட்டரில். 60 × 40 × 40 செ.மீ. பெட்டி 0.096. 42 பெட்டி 4 கன மீட்டர். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்யும். சின்னப் பெட்டியில் பாதி புத்தகம், மேலே துணி.

நாளும் முக்கியம். துணையில்லாப் பயணச் சாமான் (நம்மோடு வராமல் தனியே போவது) 2025 விதிப்படி நாம் இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்தியாவுக்குப் போய்ச் சேரலாம், இறங்கி ஒரு மாதத்துக்குள் இங்கிருந்து அனுப்பவும் செய்யலாம். முன்பே போனால் என்ன ஆகும்? சாமானை எடுக்க அசல் கடப்பிதழோடு ஆள் நிற்க வேண்டும். ஆள் வரும்வரை கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறும். ஆக, வீட்டிலிருந்து எடுப்பது செப்டம்பர் கடைசி வாரம். அதற்கு முன் வேண்டாம்.

2025 விதிப்படி, இரண்டு ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து குடிபெயர்கிறவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை சுங்கச் சலுகை. கடந்த இரண்டு ஆண்டில் ஊரில் கழித்த நாள்கள் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. குளிர்பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் குடும்பத்துக்கு ஒவ்வொன்றுதான். மிஞ்சியதற்கு 38.5 விழுக்காடு தீர்வை.

19 ஜூலை

பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2025 விதியில் அதே வரியில் இருக்கும் மதிப்பு வரம்பை யாரும் சொல்வதில்லை: ஒரு லட்சம், ஐம்பதாயிரம் ரூபாய். கிராம் ஒன்பதாயிரத்தைத் தாண்டிய விலையில் ஒரு லட்சத்துக்கு 11 கிராம். தாலிக்கொடிக்கே போதாது. ஊரிலிருந்து நகை கொண்டுவரும்போது அங்கேயே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் அது யாருக்குத் தெரிந்தது?

24 ஜூலை

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று. கடைசி வேலை நாள் 26 செப்டம்பர்.

27 ஜூலை, ஞாயிறு

நிரந்தரவாசி ஒரேயடியாகப் போகிறார் என்றால் முதலாளி ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவத்தை வேலை முடிய ஒரு மாதம் முன்பே வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தெரிந்த நாளிலிருந்து தரவேண்டிய பணம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். என் வரி ஆயிரத்துக்குள்தான் வரும். நிறுத்துவதோ கடைசிச் சம்பளம் முழுக்க, எடுக்காத விடுப்புக்கான காசும் சேர்த்து. இன்னொன்றும் மறக்கக் கூடாது: போன ஆண்டு வருமானத்துக்கான வரி மாதத் தவணையில் போய்க்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது மிச்சத் தவணையையும் இந்த ஆண்டு வரியையும் ஒன்றாகக் கேட்பார்கள்.

2 ஆகஸ்ட்

தாழ்வாரம் முழுக்கக் கொடி. சிங்கப்பூரின் 60-ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு, வயது வந்த குடிமக்களுக்கு 600 வெள்ளி, 60 வயதானவர்களுக்கு 800. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) அவருடையதில் எங்களுக்கு அரிசி வாங்கி வந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

9 ஆகஸ்ட்

பாடாங் திடலில் தேசிய தின அணிவகுப்பு. விமானச் சத்தத்தில் கறிவேப்பிலைக்கூட அதிர்ந்தது.

17 ஆகஸ்ட்

விமானம் அக்டோபர் 3. காரணம் வாடகை அல்ல, 182. இந்திய நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அக்டோபர் 1 இறங்கினால் சரியாக 182 நாள், வரிக்கணக்கில் அந்த ஆண்டுக்கே உள்நாட்டவர். 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ என்றால் வெளிநாட்டவர். (முந்தைய நான்கு ஆண்டில் ஊரில் கழித்தது 365 நாளுக்குக் கீழ் இருந்தால்தான் இந்தக் கணக்கு.) மசேநிப் பணம் அந்தக் காலத்துக்குள் இங்கேயே சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் விழுந்துவிட வேண்டும், பிறகுதான் ஊருக்கு அனுப்புவது. இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஊரில் நிலைத்ததும் வங்கியிடம் சொல்லி மாற்ற வேண்டும். சொல்லாமல் வட்டி வாங்கிக்கொண்டிருப்பது தவறு.

செப்டம்பர் 30-க்கும் அக்டோபர் 3-க்கும் இடையில் மூன்று இரவு. நண்பர் வீட்டுக் கூடத்தில் மெத்தை போதும்.

30 ஆகஸ்ட், சனி

குளிரூட்டி. ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. எட்டு ரசீது இருக்க வேண்டும், ஏழுதான் கையில். ஒன்று இல்லையென்றால் ரசாயனக் கழுவல் செலவை முன்பணத்தில் கழிப்பார்கள்; அதனால் அந்த நிறுவனத்திடமே பழைய ரசீதின் நகல் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர்கள் வழக்கமாகப் பிடிப்பது: ஆணித் துளை, குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைப் படிவு, அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசின், கழுவுதொட்டி ஓரத்தில் கறுத்த சிலிக்கான். துளைக்குப் பூச்சு மாவு அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, அதே வெள்ளை அடிக்க வேண்டும். வேறு வெள்ளை அடித்தால் துளையைவிடப் பளிச்சென்று தெரியும். படிவுக்குப் புளித்தண்ணீர் போதும். சிலிக்கானைத் தேய்த்துப் பயனில்லை, கீறி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

முன்பணம் 5,200. தகராறு என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு ஒப்பந்தத்துக்கு, 20,000 வெள்ளி வரை. நாட்டில் இல்லாதவன் எங்கே போய் நிற்பான்? ஆகவே படம். வந்த நாள் எடுத்த அதே கோணத்தில், இன்றைய தேதியோடு.

6 செப்டம்பர்

சலவை இயந்திரத்தின் போக்குவரத்துத் திருகுகள் நான்கு. பின்பக்கம் மாட்டாமல் அனுப்பினால் உருளை ஆடி ஊஞ்சல் கம்பி முறியும். வாங்கிய அன்று எந்த டப்பாவில் போட்டோம்? பஞ்சாங்கம், பழைய எம்ஆர்டி ரயில் அட்டை, யாருடையதோ சாவி. திருகு இல்லை.

7 செப்டம்பர்

கிடைத்தது. மிளகு டப்பா.

மின்னழுத்தம் அங்கேயும் 230, 50 ஹெர்ட்ஸ், கிரைண்டருக்கு மாற்றி வேண்டாம். முளை மட்டும் வெட்டி மாற்ற வேண்டும். சலவை இயந்திரத்துக்கு 16 ஆம்பியர் பெரிய முளை.

14 செப்டம்பர், ஞாயிறு

அடையாள அட்டை போனால் அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸும் போகும். அதற்கு முன் இறக்கி, அச்செடுத்து வைக்க: வரி மதிப்பீடு, மசேநி வரலாறு, சம்பளச் சீட்டு, மகளின் தடுப்பூசிப் பதிவு. வங்கிக் கணக்கை மூடக் கூடாது. முன்பணம், மின்கட்டண வைப்பு, பிடித்த சம்பளம், மசேநி எல்லாம் அங்கேதான் விழும். அந்தக் கணக்கின் ரகசிய எண் வருவது இந்தத் தொலைபேசி எண்ணுக்கு. எண்ணை முன்கட்டண அட்டைக்கு மாற்றி உயிரோடு வைக்க வேண்டும். இதை மறந்து பணத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்க முடியாமல் இருப்பவர்கள் உண்டு.

20 செப்டம்பர், சனி

மற்றவர்களிடம் நிற்கும் என் பணம்: சம்பளம் 3,840, முன்பணம் 5,200, மின்கட்டண வைப்பு, மசேநி முழுக்க. என்னிடம் கேட்கப்படுவது: சரக்கு, விமானம், துப்புரவு, வரி. எல்லாம் ஒரே பத்து நாளில். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்ல ஒப்பந்தம் விடாது. கையில் 8,000 இல்லாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்பக்கூட முடியாது.

24 செப்டம்பர்

அட்டையைக் கொடுப்பதென்றால் 26-க்குப் பிறகுதான். முன்னால் கொடுத்தால் வேலை செய்யும் உரிமையும் அத்தோடு போகும். 29 அல்லது 30. மகளுடையதும் சேர்த்து.

2027 மார்ச்.

27 செப்டம்பர்

42 பெட்டி போயிற்று. கூடம் எதிரொலிக்கிறது.

கறிவேப்பிலையை மக்சிக் எடுத்துக்கொள்கிறார். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு வைக்க வேண்டும், தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழு வந்தால் கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம். உச்சியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் கிளைக்கும். சொல்லிவிட்டேன். இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

சாவி: இரும்புக்கதவு 3, மரக்கதவு 3, அறை 2, அஞ்சல்பெட்டி 2.

அஞ்சல்பெட்டிச் சாவி ஒன்றுதான் இருக்கிறது.