பாத்திக் துணிமேல் கோலமாவு: பட்டறைக் குறிப்புகள்

மார்ச் 3, ஜார்ஜ்டவுன், பினாங்கு

மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் கோலமாவு ஏற்றுவதுதான் திட்டம். இன்று மெழுகு. பாரஃபின் 6 பங்கு, தேன்மெழுகு 4 பங்கு, துணியைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் குங்கிலியம். பாரஃபின் மட்டும் போட்டால் துணி மடங்கியதும் நொறுங்கி, விரிசல் வழியே சாயம் இறங்கிவிடும். அந்த விரிசல் கோடுகளே வேண்டுமென்றால் பாரஃபினைக் கூட்டலாம்.

சாந்திங்கால் (உருகிய மெழுகில் கோடு இழுக்கும் கருவி) இழுத்த கோடு துணியில் ஊறித் தெளிவாகத் தெரிந்தால் சூடு சரி. வெள்ளைத் திட்டாக மேலே நின்றால் மெழுகு ஆறிவிட்டது, அடியில் சாயம் புகும். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதைத்தான் நம்பலாம். புகை கிளம்பினால் உடனே அடுப்பை அணைக்கணும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு அமுக்கணும்.

மார்ச் 4

ரெமசோல் (துணிச்சாய வகை) காய்ந்ததும், சாயம் துணியில் நிலைக்க மேலே சோடியம் சிலிகேட் கரைசல். கடும் காரம், கையுறை கட்டாயம். பிளாஸ்டிக் தாளில் சுருட்டி இரவு முழுக்க விட்டாச்சு. வெளியே காய்ந்து இறுகினால் கழுவுவது பெரும்பாடு.

மார்ச் 5

வழுவழுப்பு போகும்வரை அலசல். பிறகு சலவைச் சோடா போட்ட கொதிநீரில் மெழுகு எடுப்பு. மொத்த வேலையும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. 1950களில் இதே பினாங்கில் ஓவியர் சுவா தியென் தெங் பாத்திக்கை ஓவியமாக்கியபோது துணி, சாயம், மெழுகு மூன்றும் போதுமாக இருந்தன. அதன்மேல் அக்ரிலிக்கும் கோலமாவும் ஏற்ற வேண்டுமென்றால், மிச்சமிருக்கும் துளி மெழுகும் எதிரி. முதலில் ஒட்டியதுபோலத்தான் தெரியும். பின்னால் தோல் தோலாக உரியும்.

மிதக்கும் மெழுகை வழித்தெடுக்காமல் துணியைத் தூக்கினால் அது திரும்பவும் துணியிலேயே படியும். வழித்துவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு கொதி. காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கணும்: உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, சட்டென்று பரவினால் சுத்தம்.

மார்ச் 8

துணியை ஒட்டும் பலகையின் இரு பக்கமும் அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை). ஒரு பக்கம் மட்டும் பூசினால் நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளையும். துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டியாச்சு.

மார்ச் 9

லெபோ பாசார் தெருப் பக்கம் கோலமாவு வாங்கும்போது கேட்டு வாங்கணும். அரிசி மாவு வாசலுக்கு அழகு. பலகையில் பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். கல்மாவுதான் சரி. மாவு 1 பங்குக்கு மீடியம் 2 பங்கு. ஒரு பூச்சு 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது: மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே பிறகு சுருங்கும்போது வெடிக்கும். கனம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. மாவைக் கூட்டினால் பிடிப்புக் குறைந்து, விரல் தேய்த்தாலே பொடி உதிரும்.

மார்ச் 23

மஞ்சள்தூள் கலந்த மாதிரித் துண்டைப் பாதி அலுமினியத் தாளால் மூடி, ஜன்னலில் வைத்திருந்தது. மூடிய பாதி பளிச். வெயில் பட்ட பாதி வெளிறிவிட்டது. மீடியத்தில் கலக்கும்போதே அதன் காரத்தால் நிறம் சிவப்புப் பக்கம் சாய்கிறது. கண்ணுக்கு எவ்வளவு இதமான நிறமாக இருந்தாலும் நிரந்தர வேலைக்கு மஞ்சள்தூள் வேண்டாம். வண்ண டியூபில் பிஒய் 42 (PY42) என்ற நிறமி எண் போட்டிருக்கும் இரும்பு ஆக்சைடு மஞ்சள் வெயிலைத் தாங்கும். எண்ணெய் வண்ணம் சேர்ப்பதானால் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதன்மேல் அக்ரிலிக் பிடிக்காது.