பிளாக்ஸ்டோன் ஆறும் தறிக்காரப் பொண்ணுங்களும்

அமெரிக்காவுல பருத்தி நூற்பு மில்லுங்க எப்படி வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் சாமுவேல் ஸ்லேட்டர் கதையத்தான் சொல்லுவாங்க. இங்கிலாந்துல ஸ்ட்ரட்ங்கற முதலாளியோட மில்லுல தொழில் கத்துக்கிட்டவரு, நூற்பு மெஷின வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, தொழில் தெரிஞ்ச ஆளும் போகக்கூடாதுன்னு சட்டம் இருந்த காலம், அதனால மொத்தத்தையும் மண்டையில ஏத்திக்கிட்டு 1789ல 21 வயசுல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாரு.

நல்ல கதைதான், ஆனா ஒரே ஆளோட ஞாபகசக்தியால மட்டும் மில்லு ஓடிடாது. ரோட் ஐலண்ட் மாநிலத்துல பாட்டக்கெட்ங்கற ஊர்ல தச்சர் சில்வேனஸ் பிரவுனும் கொல்லர் வில்கின்சன் குடும்பமும் கூட நின்னுதான் மெஷின உருவாக்குனாங்க, அதுக்கப்புறம் அந்த பிளாக்ஸ்டோன் ஆறு! மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர்ல கிளம்பி சுமார் 46 மைல்ல 430 அடிக்கு மேல இறங்குது, அந்த வேகந்தான் சக்கரத்த சுத்துச்சு, 1790 டிசம்பர்ல நூல் ஓட ஆரம்பிச்சுது. அப்புறம் பள்ளத்தாக்கு நெடுக அணை, மில்லு, அதச் சுத்தி கம்பெனி வீடு, கம்பெனி கடைன்னு ஊரே மில்லோடதாயிடுச்சு.

முதல்ல வேலைக்கு எடுத்தது 7ல இருந்து 12 வயசுக்குள்ள இருந்த பசங்கள. பருத்தியோ அடிமைங்க உழைச்சு விளைஞ்சது, இத்தனைக்கும் ஸ்லேட்டர பாட்டக்கெட்டுக்கு வரவச்ச வியாபாரி மோசஸ் பிரவுன் அடிமை முறைய எதிர்த்துப் போராடுன குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவ சேர்ந்தவரு, இத எப்படி சேர்த்துப் புரிஞ்சுக்கறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

எனக்கு ஸ்லேட்டர விட முக்கியமாப் படறது 1824 மே மாசம் அதே பாட்டக்கெட்ல நடந்ததுதான். மில் முதலாளிங்க எல்லாம் ஒண்ணா கூடி சாப்பாட்டு நேரத்த குறைச்சு வேலை நேரத்துல ஒரு மணி நேரம் கூட்டுறோம், தறி ஓட்டுற பொண்ணுங்களுக்கு 25 சதவீதம் கூலி குறைக்குறோம்னு அறிவிச்சாங்க. பொண்ணுங்க நேரா தறிய விட்டு வெளிய வந்துட்டாங்க, 100 பேருக்கு மேல, ஊர் ஜனமும் கூட சேர்ந்து மில்லு வாசல மறிச்சு, முதலாளிங்க வீட்டு முன்னாடி போய் கத்தி, ஒரு வாரம் மில்லுங்க முடங்கிப்போச்சு. அமெரிக்க ஃபேக்டரி வரலாற்றுல முதல் ஸ்டிரைக் இதுதான்னு சொல்றாங்க. அவங்களுக்கு ஓட்டு கிடையாது, பின்னாடி நிக்க யூனியன் கிடையாது, குடியிருக்கற வீடே முதலாளியோடதுங்கற ஊருங்க அதெல்லாம், ஆனாலும் கடைசியில முதலாளிங்கதான் சமரசம் பேச வந்தாங்க.