பிளாஸ்டிக் மேல வெளிச்சம் பட்டா கரண்ட் வருமா?

1977ல ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூணு விஞ்ஞானிகளும் சேர்ந்து பாலிஅசிட்டிலீன்ங்கற பாலிமர்ல, அதாவது நீள சங்கிலி மூலக்கூறுள்ள பிளாஸ்டிக்ல, அயோடின் ஏத்தி கரண்ட் பாய வச்சாங்க, 2000ல நோபலும் வாங்கினாங்க, இது நிறைய பேருக்கு தெரிஞ்ச கதை. ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த மாதிரி பாலிமர்ல வெளிச்சம் பட்டா என்ன ஆகுதுங்கறதுதான்.

சோலார் பேனல்ல இருக்கற சிலிக்கான்ல போட்டான், அதாவது ஒளித்துகள், விழுந்தா எலக்ட்ரானும் அது விட்டுட்டு போன பிளஸ் காலியிடமான ஹோலும் ரூம் சூட்டுலயே பிரிஞ்சு தனித்தனியா ஓடிடும். பாலிமர்ல அப்படி நடக்காது. அது வெளிச்சத்த நல்லாவே உறிஞ்சும், 100 நானோமீட்டர் படலம் இருந்தாலே போதும். ஆனா பிளஸ் மைனஸ் இழுவைய ஒரு பொருள் எவ்வளவு குறைக்கும்னு சொல்ற டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் அதுக்கு 3 பக்கம்தான், சிலிக்கானுக்கு 12 கிட்ட, அதனால இழுவை பெருசா குறையாம எலக்ட்ரானும் ஹோலும் ஜோடியா ஒட்டிக்கிட்டே கிடக்கும். இதுதான் எக்ஸிடான். பிரிக்க 0.3 எலக்ட்ரான் வோல்ட் (எனர்ஜிய அளக்கற அலகு) மாதிரி வேணும், ரூம் சூடு தர்றதோ வெறும் 0.025. மொத்தத்துல சார்ஜே இல்லாத ஜோடிங்கறதால எலக்ட்ரிக் ஃபீல்டும் அத இழுத்துட்டு போகாது, சும்மா அங்க இங்க தாவி 10 நானோமீட்டர் வாக்குல போயிட்டு செத்துடும்.

அப்போ கரண்ட் எங்கருந்து வருது? பக்கத்துல எலக்ட்ரானுக்கு இன்னும் ஆசை உள்ள மூலக்கூறு ஒண்ணு இருக்கணும். 1992ல சாரிசிஃப்சி, ஹீகர் டீம் பாலிமரோட ஃபுல்லரீன்ங்கற கார்பன் பந்து மூலக்கூற சேர்த்து பாத்தாங்க, எலக்ட்ரான் கண் இமைக்கறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, அதாவது 100 ஃபெம்டோசெகண்டுக்குள்ள ஃபுல்லரீனுக்கு தாவிடுதுன்னு பின்னாடி தெளிவாச்சு. ஆக கரண்டே அந்த ரெண்டும் தொடுற எல்லையிலதான் பிறக்குது!

ஆனா சிக்கல் பாருங்க, வெளிச்சத்த பிடிக்க 100 நானோமீட்டர் தடிமன் வேணும், எக்ஸிடான் போறதோ 10தான். ரெண்டு லேயரா அடுக்கினா முக்காவாசி எல்லைக்கு வந்தே சேராது. அதனால ரெண்டையும் ஒரே கரைசல்ல கலந்து பூசிடறாங்க, காயும்போது அதுங்களே பிரிஞ்சு பின்னிக்கும், எங்க பாத்தாலும் எல்லைதான். பீ3எச்டினு ஒரு பாலிமர், கரைசல்ல ஆரஞ்சா இருக்கும், காயக்காய சங்கிலிகள் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிக்கும்போது ஊதாவா மாறும், அந்த கலர் மாற்றத்த வச்சே ஹோல் ஓட பாதை அமையுதுன்னு சொல்லிடலாம். கலவை ரொம்ப பொடியா இருந்தா எலக்ட்ரானுக்கு கரண்ட வெளிய எடுக்கற எலக்ட்ரோடு வரைக்கும் வழி கிடைக்காது, ரொம்ப பெருசா இருந்தா எக்ஸிடான் எல்லைக்கே வராது.

இப்போ ஃபுல்லரீனுக்கு பதிலா தானும் வெளிச்சம் உறிஞ்சுற மூலக்கூறுகள் வந்தாச்சு, லேப்ல சின்ன சோலார் செல்கள் வெளிச்சத்த கரண்டா மாத்தறதுல 19 சதவீதத்த தாண்டிடுச்சு.