பசங்களுக்கு மைன்கிராஃப்ட் சர்வர் போடறீங்களா, ரேமுக்கு முன்னாடி சிபியு கோரப் பாருங்க

கோபி, பல்லடம், பொள்ளாச்சின்னு ஆளுக்கொரு ஊர்ல இருக்கற நம்ம சொந்தக்காரப் பசங்க எல்லாம் ஒண்ணா வெளையாடட்டும்னு கிளவுட்ல ஒரு விஎம் (நெட் வழியா வாடகைக்குக் கெடைக்கற கம்ப்யூட்டர்) எடுத்து மைன்கிராஃப்ட் ஜாவா (கம்ப்யூட்டர்ல வெளையாடற வகை) சர்வர் ஓட்டிட்டு இருக்கறனுங்க. இதக் கேள்விப்பட்டவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தன ஜிபி ரேம் போட்டீங்கன்னு தான். ரேம் வேணும், இல்லீங்கல, ஆனா பத்து பசங்களுக்குள்ள வெளையாடறதுக்கு 4 ஜிபி, 6 ஜிபி இருந்தாலே போதும், லேக், அதாவது ஆட்டம் திக்கித் திக்கி ஓடறது, வர்றது பெரும்பாலும் வேற எடத்துல இருந்துங்க.

வீட்டுலயே பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டலாமேன்னு கேப்பீங்க. நம்மூரு பிராட்பேண்டுல நெறைய கனெக்சன் ஒரே பப்ளிக் ஐபிய (இன்டர்நெட் விலாசத்த) பல வீட்டுக்குப் பங்கு போட்டுத் தான் வருது, அதனால ரவுட்டர்ல போர்ட் (வெளிய இருந்து வர்ற கனெக்சனுக்கான வாசல்) தொறந்து விட்டாலும் வெளிய இருந்து யாரும் உள்ள வர முடியாது, அதுக்கு மேல கரண்டு போச்சுன்னா ஆட்டம் நின்னுரும்.

லேக்ல ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு தூரம். ஃபைபர் கேபிள்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், கோயமுத்தூர்ல இருந்து மும்பை நேர்கோட்டுல ஒரு ஆயிரம் கிலோமீட்டர், போயிட்டு வர குறைஞ்சது 10 மில்லிசெகண்டு, கேபிள் சுத்திப் போறதனால நெசத்துல இன்னும் எச்சா ஆகும். அதே சர்வர அமெரிக்காவுல வர்ஜீனியால போட்டீங்கன்னா வெளிச்சத்துக்கே 140 மில்லிசெகண்டு கிட்ட ஆகிப் போகுது, எவ்வளவு பணம் கட்டினாலும் அதக் கொறைக்க முடியாது. அதனால விஎம் எடுக்கறப்ப ரீஜன்ல மும்பை, ஹைதராபாத்னு கிட்ட இருக்கறதாப் பாத்துப் போடுங்க, மைக்ரோசாஃப்ட்டோட அஸ்யூர்ல சென்னையே இருக்குது.

ரெண்டாவது தான் முக்கியமானது. இந்த கேம் செகண்டுக்கு 20 தடவ ஒலகத்தையே கணக்குப் போடுது, ஒவ்வொரு தடவைக்கும் பேரு டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்டு தான் டைம், அந்தக் கணக்குல முக்காவாசி ஒரே த்ரெட்ல, அதாவது ஒண்ணு முடிஞ்சு தான் அடுத்ததுன்னு ஒரே வரிசைல, ஒரு கோர்ல தான் ஓடுது. அப்ப 8 கோர் (சிபியுக்குள்ள கணக்குப் போடற தனித்தனி பாகம்) வாங்கி வெச்சாலும் அந்த ஒரு கோர் மெதுவா இருந்தா மத்ததெல்லாம் சும்மா நிக்கும். எங்க பசங்க உள்ளார பவானிசாகர் டேமாட்டயே ஒண்ணு கட்டிட்டு இருக்கறாங்க, அவ்வளவு அழகா இருக்குதுங்க, மதகத் தொறந்து தண்ணி பரவறப்ப ஒவ்வொரு கட்டைக்கும் சர்வர் கணக்குப் போடணும், அந்த நேரத்துல டிபிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தன டிக் ஓடுதுங்கற கணக்கு, 20ல இருந்து எறங்கறது நல்லாத் தெரியும். பேப்பர்ங்கற சர்வர் சாஃப்ட்வேர்ல டிபிஎஸ்னு ஒரு கமாண்டே இருக்குது, பசங்க லேக்குன்னு சொன்னா ஒடனே அதப் போட்டுப் பாருங்க, 20 காட்டுச்சுன்னா கோளாறு பெரும்பாலும் நெட்டுல, எறங்கிருந்துச்சுன்னா சர்வர்ல.

இதனால தான் கொறஞ்ச வெலைல கெடைக்கற பர்ஸ்டபிள் விஎம் (சும்மா இருக்கறப்ப சேத்த கிரெடிட்ட வெச்சு அப்பப்ப மட்டும் முழு வேகத்துல ஓடறது) எடுக்கறப்ப சூதானமா இருங்கன்னு சொல்றனுங்க. கிரெடிட் இருக்கற வரைக்கும் ஜோரா ஓடும், தீந்துச்சுன்னா வேகத்தக் கொறைச்சுருவாங்க, இல்லாட்டி எச்சா சார்ஜ் போடுவாங்க. பாரத்தக் கொறைக்க இன்னொரு வழி, சர்வர் ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியணும்ங்கறது) 10னு இருக்கும், அப்படின்னா ஒரு ஆளச் சுத்தி 441 சங்க், அதாவது ஒலகத்தோட துண்டு, லோடு ஆகுது, 6 ஆக்கினா 169 தான், பசங்களுக்கு வித்தியாசமே பெருசாத் தெரியாதுங்க.

போர்ட் 25565 டிசிபி, அத கிளவுட் பக்கமும் தொறக்கணும், விஎம்முக்குள்ள ஃபயர்வால் இருந்தா அதுலயும் தொறக்கணும். போன்ல வர்ற மைன்கிராஃப்ட் வேற வகை, அதுல வெளையாடற பசங்களயும் இந்த சர்வருக்குள்ள சேத்து விட கீசர்னு ஒரு பிளக்கின் இருக்குது, அதுக்கு 19132 யுடிபி. ஒயிட்லிஸ்ட்ட (நாம பேரு குடுத்த ஆளுங்கள மட்டும் உள்ள விடற பட்டியல்) மட்டும் மறக்காமப் போட்டுருங்க, தொறந்த போர்ட்டத் தேடிட்டே சுத்தற தானா ஓடற ப்ரோக்ராமுங்க இருக்குது, நம்ம கொழந்தைங்க இருக்கற எடத்துக்கு ஊரு பேரு தெரியாதவன் வரக் கூடாதுங்க.

ராத்திரி பசங்க தூங்கப் போனதும் விஎம்ம நிறுத்திருங்க, ஓடற நேரத்துக்குத் தான் மெஷின் காசு. டிஸ்குக்கு நிறுத்தினாலும் வாடகை உண்டு, ஸ்டாட்டிக் ஐபி வாங்கலன்னா மறுக்கா ஆன் பண்றப்ப ஐபி மாறிரும், பசங்க போன் போட்டு ஏனுங்கண்ணா வரலைன்னு கேப்பாங்க.

எல்லாத்துக்கும் மேல பேக்கப். கிளவுட் கம்பெனிக்கு இது ஒரு ஃபோல்டர், அந்தப் பசங்களுக்கு இது முழுப் பரீட்ச லீவும் உக்காந்து கட்டினதுங்க. சர்வர் ஓடிட்டு இருக்கறப்ப அப்படியே காப்பி எடுத்தா பாதி எழுதின ஃபைல் வரலாம், அதனால கன்சோல்ல சேவ்-ஆஃப், அப்புறம் சேவ்-ஆல், அப்புறமேட்டுக்கு வேர்ல்டு ஃபோல்டர ஒரே ஃபைலாச் சுருட்டி வேற எடத்துக்குத் தாட்டி விட்டுட்டு சேவ்-ஆன் போடுங்க. அந்த ஃபைல அப்பப்ப உங்க லேப்டாப்ல விரிச்சு, சர்வர அங்க ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க, தொறக்குதான்னு.