மழை இறங்கிப்போகும் கிணறு

கான்கூனிலிருந்து வாயடோலிட் ஊருக்கு வரும் வழியெல்லாம் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆற்றுப் பாலத்தைக்கூட பஸ் கடக்கவில்லை. இருபுறமும் பச்சைக் காடு. ஓடையோ ஏரியோ கண்ணில் படவில்லை. மெக்ஸிகோவின் யுகட்டான் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை. பெய்கிற மழையைப் பாறை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் பூமிக்கடியில் குகை குகையாகப் புகுந்து கடலுக்குப் போய்விடும். குகையின் கூரை எங்கே இடிந்து விழுந்ததோ, அங்கே மட்டும்தான் அதை நாம் பார்க்க முடியும். அந்தப் பள்ளத்துக்குப் பெயர் செனோட்டே. மாயா மக்கள் தங்கள் மொழியில் சொன்ன 'சொனோட்' ஸ்பானியர் வாயில் புகுந்து அப்படி ஆனது.

நீந்துவதற்கு முன்னால், நீந்தக் கூடாத செனோட்டே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா போனேன். 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பிரமிடிலிருந்து வடக்கே மரநிழலில் நடந்தால் புனிதக் கிணறு வருகிறது. சுமார் 60 மீட்டர் அகலம். செங்குத்தான சுவர்களுக்குக் கீழே பாசி பிடித்த பச்சை நீர் அசையாமல் கிடக்கிறது. 'சாக்' என்ற மழைக் கடவுளுக்குப் பச்சைமணிக் கற்களையும் தங்கத்தையும் சாம்பிராணி போன்ற கோபால் பிசினையும் இதில்தான் போட்டார்கள். மனிதர்களையும் போட்டார்கள், எடுத்த எலும்புகளில் குழந்தைகளுடையவையும் உண்டு. குடிப்பதற்கு ஷ்தோலோக் என்ற வேறொரு செனோட்டே அதே நகரத்தில் இருந்தது. மழை பொய்த்தால் மொத்த நகரமும் தவித்துப்போகும் இடத்தில், தண்ணீரிடம் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று அந்த விளிம்பில் நின்றபோதுதான் உறைத்தது.

1904-இல் எட்வர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் இந்தக் கிணற்றைத் தூர்வாரத் தொடங்கினார். கிடைத்தவற்றில் பெரும்பகுதியை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். பிற்பாடு ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. சாமிக்கு என்று போட்டதை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போனது எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த நாள் வாடகை சைக்கிளில் ட்ஸிட்னுப் என்ற கிராமத்துக்குக் கிளம்பினேன். ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஷ்கேக்கேன், சமுலா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செனோட்டேக்கள். ஷ்கேக்கேன் என்றால் பன்றி. தொலைந்துபோன பன்றியைத் தேடிப் போனவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பது ஊர்க் கதை.

வெயிலுக்குப் பயந்து கை, கழுத்து எல்லாம் சன்ஸ்கிரீன் பூசியிருந்தேன். வாசலில் இருந்த அம்மா, கழுத்தில் பூவேலை செய்த வெள்ளை உடையில், என்னை நிறுத்தி ஷவரைக் காட்டினார். "நல்லாத் தேய்ச்சுக் குளிச்சிட்டு இறங்குங்க. நாங்க குடிக்கிறதும் இந்தத் தண்ணிதான்" என்றார். என் அரைகுறை ஸ்பானிஷுக்கும் அது புரிந்தது. அடியில் எல்லாமே ஒரே நீர்; இங்கே கலக்கிற கிரீம் இங்கேயே நிற்காது. சோப்பில்லாமல் வெறுங்கையால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். கொசு மருந்தும் போயிற்று.

ஷ்கேக்கேனுக்குள் இறங்கும் படிகள் குறுகல், ஈரம். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே போனதும் காற்று கனக்கிறது. கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. உச்சியில் ஒரே ஒரு துளை. அதன் வழியாக விழும் வெளிச்சக் கம்பம் நீருக்குள்ளும் அப்படியே இறங்குகிறது. லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கினேன். முதல் குளிரில் மூச்சு நின்று திரும்ப வந்தது. காலடியில் விரல் நீளக் கறுப்பு மீன்கள். வெளிச்சத்துக்குள் என் கை நீலமாகத் தெரிந்தது. ஒரு முழம் தள்ளி நகர்த்தினால் இருட்டில் கரைந்துபோனது. மல்லாந்து கிடந்தேன். காது நீருக்குள் போனதும் மற்றவர்களின் பேச்சு அடங்கி, விழுதிலிருந்து சொட்டும் ஒலி மட்டும் மிஞ்சியது. இந்த இடத்தில் சத்தம் போட்டு விளையாட எனக்கு மனம் வரவில்லை.

சமுலா இன்னும் விசாலம். கூரைத் துளைக்கு மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் கயிறு கயிறாக, தண்ணீரைத் தேடி அத்தனை உயரத்திலிருந்து கீழே இறங்கியிருக்கின்றன. நீந்தியதைவிட அவற்றை அண்ணாந்து பார்த்தபடி மிதந்த நேரம்தான் அதிகம். யுகட்டான் போகிறவர்கள் ஒரே ஒரு செனோட்டே பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் சமுலாவுக்கே போங்கள். காலையில் வாசல் திறந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பந்தலுக்குக் கீழே சைக்கிளோடு ஒதுங்கினேன். கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. விட்டதும் பார்த்தால் பாதையோரத்தில் ஓட்டமே இல்லை. வெள்ளைப் பாறையின் குழிகளில் தேங்கியிருந்த நீர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னச் சின்னக் குமிழ் விட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.